காத்திருக்கத் தெரிந்த விளையாட்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம் மேடையில் ஏறுவோர் இலக்கியம், சமயம், கல்வி, தொண்டு என்னும் பொருள்களையே எடுத்துப் பேசுவது வழக்கம். நாங்கள் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு விளையாட்டு. அதுவும் கணனியில் ஆடப்படும் விளையாட்டு. "பல்கலைக்கழகத்திற்குப் படிக்கப் போன பிள்ளைகளுக்குப் பேச வேறு பொருள் அகப்படவில்லையா?" என்று முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்கள் எண்ணக்கூடும். அவர்களிடம் ஒரு வினாவைப் பணிவுடன் கேட்டுத் தொடங்குகிறோம். கிளித்தட்டு மறித்த வெளியையும், போர்த்தேங்காய் உடைத்த புதுவருட நாளையும் நீங்கள் மறந்துவிட்டீர்களா? அவற்றை நினைக்கும்போது உங்கள் மனத்தில் முதலில் எழுவன விளையாட்டின் விதிகளா, உடன் ஆடியவர்களின் முகங்களா? முகங்களே என்பீர்களாயின், எங்கள் உரையின் பாதியை நீங்கள் இப்பொழுதே விளங்கிக்கொண்டீர்கள்.

நாங்கள் பேசவந்த விளையாட்டு 'ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்' என்பதன் இரண்டாம் பாகம். பேரரசுகளின் காலம் என்று தமிழிற் சொல்லலாம். அமெரிக்காவிலே டலஸ் நகரப் பகுதியில் இயங்கிய என்செம்பிள் ஸ்ரூடியோஸ் என்னும் நிறுவனம் ஆக்க, மைக்ரோசொவ்ற் நிறுவனம் 1999 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் இதனை வெளியிட்டது. ஆடுபவருக்குத் தொடக்கத்திற் கிடைப்பன ஊர் நடுவே ஒரு மண்டபம், பெரும்பாலும் மூன்று குடிமக்கள், ஒரு வேவுகாரன், அவ்வளவே. அக் குடிமக்கள் மரம் தறிக்க வேண்டும். வயல் செய்ய வேண்டும். பொன்னும் கல்லும் அகழ வேண்டும். இருண்ட காலத்தில் தொடங்கும் சிற்றூர் நான்கு காலங்களைக் கடந்து பேரரசாக வளரும். அதிகமாக எட்டுப் பேர் ஒரே ஆட்டத்தில் ஒருவரோடொருவர் கூடியும் பொருதும் ஆடலாம்.

2009 இல் யுத்தம் முடிந்தபோது நாங்கள் அரிவரி வகுப்புப் பிள்ளைகள். இவ் விளையாட்டை நாங்கள் கண்டது அதற்கு நாலைந்து ஆண்டுகளின் பின்னர். எங்களில் ஒருவனின் மாமா நடத்திய கணனிப் பயிற்சி நிலையத்தில், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்தபின், மூன்று கணனிகளை எங்களுக்கு விட்டுக்கொடுப்பார். புதிய விளையாட்டுக்கள் அக் கணனிகளில் ஓடா. ஆகவே கைக்குக் கை மாறி வந்த ஓர் இறுவட்டில் இருந்த இந்தப் பழைய விளையாட்டே எங்களுக்கு வாய்த்தது. நாங்கள் ஐவர், கணனி மூன்று, கூட வந்த தம்பிமார் வேறு. கதிரை கிடைத்தவன் ஆடுவான். கிடைக்காதவன் முதுகுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்லுவான்.

இனி, இவ் விளையாட்டின் உள்ளே நடக்கும் ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் உரையின் மையம் அதுவே. நூற்றுக்கணக்கான போர்வீரர் ஒரே களத்தில் நடமாடுகின்றனர். ஒவ்வொரு வீரனும் எங்கே நிற்கிறான் என்னும் செய்தியை எல்லாக் கணனிகளுக்கும் இடைவிடாது அனுப்புவதாயின், அந் நாளைய தொலைபேசி இணைப்பு அதனைத் தாங்கியிராது. ஆகவே, அதனை ஆக்கியோர் வேறு வழி கண்டனர். ஒவ்வொரு கணனியும் முழு ஆட்டத்தையும் தானே தனித்து நடத்தும். ஆடுபவர் இட்ட கட்டளைகள் மாத்திரமே கம்பி வழியே போகும். எல்லாக் கணனிகளும் அக் கட்டளைகளை ஒரே கணத்தில் நிறைவேற்றும். ஆதலால் எல்லாத் திரைகளிலும் ஒரே ஆட்டமே நிகழும். இம் முறையை போல் பெற்னர், மார்க் ரெரானோ என்னும் இருவர் 2001 இல் ஒரு கட்டுரையில் விளக்கியுள்ளனர்.

இம் முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்த ஒரு கணனியும் மற்றவற்றை விட்டு முந்திப் போக முடியாது. கூட்டத்தில் மிக மெதுவான கணனி எந்த வேகத்தில் நடக்கிறதோ, அந்த வேகத்திலேயே எல்லாரும் நடக்க வேண்டும். எங்கள் மூன்று கணனிகளில் யன்னலோரம் இருந்த ஒன்றுக்கு 'மாட்டுவண்டில்' என்று பெயர் வைத்திருந்தோம். போர் மும்முரமாகும் நேரத்தில் அது திணறும். உடனே மற்ற இரண்டு திரைகளிலும் குதிரைகள் நீருக்குள் நடப்பனபோல் நடக்கும். "டேய், வண்டிலைத் தள்ளுடா!" என்று கூச்சல் எழும். ஆயினும் விட்டுவிட்டுப் போக ஒருவராலும் இயலாது. கடைசியில் வருபவனுக்காகக் காத்திருப்பது அவ் விளையாட்டின் விதியாகவே அமைந்திருந்தது.

மற்றொரு குறையும் உண்டு. வயலில் விளைச்சல் தீர்ந்தால் அதனைத் திரும்பச் செய்விக்க வேண்டும். மறந்தால் உழவன் சும்மா நிற்பான், ஊர் பட்டினி கிடக்கும். போரிலே கண்ணாக இருப்பவனுக்கு வயலிலே கண் இராது. ஆகவே, பக்கத்தில் ஒரு தம்பியை வைத்துக்கொள்ளுவோம். "அண்ணா, வயல் முடிஞ்சுது!" என்று கத்துவதே அவன் உத்தியோகம். சுட்டியைத் தொடாமலே அவனும் அவ் வெற்றியிற் பங்காளி. வீடு திரும்பும்போது "நாங்கள் வென்றோம்" என்றே அவனும் சொல்லுவான். அதை மறுத்தவர் எவருமில்லை.

இனி, இவ் விளையாட்டு எவ்வாறு இந் நாள்வரை உயிர் வாழ்ந்தது என்பதைப் பார்ப்போம். ஆக்கிய நிறுவனமாகிய என்செம்பிள் 2009 இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. பெற்றவர் போனபின்னும் பிள்ளையை ஊரார் வளர்த்த கதையாக, ஆடுபவர்களே இதனை வளர்த்தனர். 'மறக்கப்பட்ட பேரரசுகள்' என்று பொருள்படும் பெயரோடு சில ஆர்வலர் கூடித் தம் ஓய்வு நேரத்திற் புதிய நாடுகளைச் சேர்த்தனர். 2013 இல் புதுப்பிக்கப்பட்ட ஒரு பதிப்பு வெளிவந்தபோது, அவ் ஆர்வலரின் உழைப்பு அதே ஆண்டில் முறையான விரிவாக்கமாக ஏற்கப்பட்டது. 2019 நவம்பர் 14 ஆம் திகதி, முற்றிலும் புதிதாக வரையப்பட்ட இன்றைய இணையப் பதிப்பு வந்தது. அதனை ஆக்கியோருள்ளும் அவ் ஆர்வலரே முதன்மையானோர். 1999 இல் பதின்மூன்றாக இருந்த நாட்டினங்கள் அப் பதிப்பில் முப்பத்தைந்தாயின. சம்பளம் வாங்காது ஒன்றைப் பேணியவர்கள் இறுதியில் அதற்கே உரியவர்களானார்கள் என்பது, சங்கம் நடத்தும் நம்போன்றோர் கவனிக்கத்தக்க செய்தி.

2022 ஏப்ரலில் வந்த விரிவாக்கத்திலே 'திராவிடர்' என்னும் பெயரில் ஓர் இனமும் சேர்ந்தது. கடற்படையும் காலாட்படையும் அவர்தம் வலிமை. சுருள்வாளாகிய உருமி ஏந்திய வீரர் அவர்க்குரிய தனிப்படை. இராசேந்திர சோழன் கதையும் அதிலே உண்டு. எல்லாவற்றிலும் மேலாக, அப் படைவீரர் தமிழிலே மறுமொழி சொல்லுகின்றனர். வரலாற்றை இதிற் படித்துவிட்டோம் என்று எவரும் எண்ணலாகாது. அதற்கு நூல்கள் உள. ஆயினும், பிறமொழிக் குரல்களையே கேட்டு ஆடிப் பழகிய செவிக்கு அது தரும் மகிழ்ச்சி சிறிதன்று.

சென்ற ஆண்டு நாங்கள் ஐவரும் மீண்டும் இவ் விளையாட்டுக்குத் திரும்பினோம். இப்பொழுது மூவர் இங்கே, ஒருவன் லண்டனில், ஒருவன் ரொறன்ரோவில். புதிய பதிப்பின் அழகைச் சொல்லி முடியாது. இடிந்து விழும் கோட்டையின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியே உருளுகிறது. வயல் தானாகவே திரும்ப விளைகிறது. வேவுகாரனும், பணித்தால், தானாகவே நாடு சுற்றிப் பார்க்கிறான். எதிராளியைத் தேட வேண்டியதுமில்லை. 'எலோ' என்றொரு கணக்கு இருக்கிறது. சதுரங்கத்திற்காக ஆர்பாட் எலோ என்னும் பேராசிரியர் வகுத்தது. உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970 இல் ஏற்றது. இங்கே ஒவ்வொருவருக்கும் ஆயிரம் புள்ளி கொடுத்துத் தொடங்கி, வென்றால் ஏற்றி, தோற்றால் இறக்கி, உலகின் எந்த மூலையிலிருந்தும் உமக்குச் சமவலிமையுள்ள ஒருவனைச் சில நிமிடத்திற் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவன் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் 'நல்ல ஆட்டம்' என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துக்களை இட்டுவிட்டு மறைந்துபோவான்.

குறை என்று எதைச் சொல்லுவது? ஒன்றுமே இல்லை. அதுவே எங்களைச் சிந்திக்க வைத்தது. தானாக விளையும் வயலுக்குப் பக்கத்தில் நிற்க ஒரு தம்பி தேவையில்லை. நிமிடத்தில் எதிராளி கிடைக்கும்போது நண்பனுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பழைய விளையாட்டின் குறைகள் ஒவ்வொன்றும் ஒரு மனிதனுக்கு இடம் கொடுத்திருந்தன. குறை நீங்கியபோது அவ் இடமும் நீங்கிற்று. இது விளையாட்டுக்கு மாத்திரம் உரிய செய்தியன்று. கிணற்றடியில் தண்ணீர் அள்ள நின்றவர்கள் ஊர்க்கதை பேசினார்கள். வீட்டுக்குள் குழாய் வந்தது நன்மையே, ஆயினும் அக் கதை போயிற்று. குழாயைப் பிடுங்க வேண்டும் என்று அறிவுடையோர் எவரும் சொல்லார். முன்பு தேவை கூட்டிவைத்த மனிதரை இனி நாமே முயன்று கூட்டிவைக்க வேண்டும். அதுவே நாங்கள் சொல்ல வந்தது.

ஆகவே எங்களுக்குள்ளே சில ஒழுங்குகள் செய்துகொண்டோம். சனிக்கிழமைதோறும் இங்கே இரவு எட்டரை மணி. கோடை காலத்தில் அது லண்டனில் மாலை நான்கு மணி, ரொறன்ரோவிற் காலை பதினொரு மணி. புள்ளிக் கணக்குள்ள ஆட்டம் அன்று இல்லை. ஐவரும் ஒரே பக்கம், எதிரே கணனி. எவனுடைய இணைப்பாவது அறுந்தால், அவன் வரும்வரை ஆட்டத்தை நிறுத்திவைப்போம். பேச்சுத் தொடர்பை ஆட்டத்திற்குக் கால் மணித்தியாலம் முன்னரே திறப்போம். ஆட்டம் முடிந்தவுடன் மூடோம்.

இதனால் விளைந்த பயனைச் சொல்லுகிறோம். ரொறன்ரோவில் உள்ளவன் வெள்ளி இரவெல்லாம் ஒரு பண்டசாலையில் வேலை செய்துவிட்டு, இரண்டொரு மணித்தியாலமே உறங்கி எழுந்து வருபவன். "களைப்பாயிருந்தால் படுத்துக் கொள்ளடா, நாங்கள் வேறு நாள் ஆடுவோம்" என்றோம். "மச்சான், கிழமை முழுக்க நான் வாய்விட்டுத் தமிழிலே கத்துறது இந்த இரண்டு மணித்தியாலந்தான். இதையும் நிற்பாட்டச் சொல்லாதேங்கோடா" என்றான். அவனுடைய தாயாருக்குச் சத்திரசிகிச்சை என்னும் செய்தியை அவன் எங்களிடம் சொன்னதும் இவ் ஆட்டத்தினிடையே, மரம் தறித்துக்கொண்டிருக்கும்போதுதான். கடிதத்தில் எழுதியிருக்கமாட்டான், நேரே கேட்டிருந்தால் "ஒன்றுமில்லை" என்றிருப்பான். கைகள் வேறு வேலையில் இருக்கும்போது மனம் திறப்பது மனித சுபாவம். மறுநாட் காலையில் இங்கிருக்கும் மூவரும் அவ் அம்மாவின் கட்டிலருகே நின்றோம்.

பெரியோர்கள் அஞ்சும் மறுபக்கத்தையும் நாங்கள் மறைக்கவில்லை. விளையாட்டின் மேல் கட்டுமீறிய பற்று ஒரு நோயாகக் கூடும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்ற நோய்ப் பட்டியலிற் சேர்த்துள்ளது. அது 2022 முதல் நடைமுறையில் உள்ளது. அந் நாளில் ஆட்டத்தை முடித்துவைக்க மாமா கதவைப் பூட்ட வருவார், மின்சாரம் நின்றுபோகும், அம்மா ஆளனுப்புவா. இன்றைய ஆட்டத்திற்கு முடிவில்லை. ஒருவன் போனால் மற்றொருவன் ஆயத்தமாக நிற்கிறான். காத்திருப்பதைப் போலவே முடித்துக்கொள்வதும் இனி நம் கையில்தான். எத்தனை மணிக்கு எழும்புவது என்பதை உட்காருமுன்னரே தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்பதே இளைய சகோதரர்களுக்கு எங்கள் வேண்டுகோள். முடிந்தவரை தனித்து ஆடாதீர்கள்.

முடிவாக, சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு முறை, போயா விடுமுறை நாளில், இம் மண்டபத்தை இளைஞர்க்குத் திறந்துவிடுங்கள். காலையிலே முற்றத்தில் பெரியவர்கள் எங்களுக்குக் கிளித்தட்டு மறிக்கக் கற்றுத்தரட்டும். கோடு போடும் முறையே எங்களிற் பலருக்குத் தெரியாது. பிற்பகலிலே நாங்கள் நாலைந்து கணனிகளைக் கொண்டுவந்து ஒரு கம்பியிற் பூட்டுகிறோம். கதிரைகளைக் கணனிகளின் தொகையிலும் கூடுதலாகப் போடுவோம். பக்கத்தில் அமர்ந்து "வயல் முடிஞ்சுது" என்று சொல்லத் தேவையில்லாத காலந்தான். ஆயினும் அக் கதிரையில் ஒரு தம்பியோ, ஒரு தாத்தாவோ அமர்ந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.