அஞ்சி ஒடுங்கும் உயிருக்கு அடைக்கலம்



நம் அதியமான்கோட்டையில் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் 44-ஆம் எண் சாலையோடு, ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் 844-ஆம் எண் சாலை இங்கே வந்து சேர்கிறது. வேண்டாம் என்று ஆன நாயை இரவோடு இரவாக இறக்கிவிட்டுப் போக, நெடுஞ்சாலை ஓரம்தான் பலருக்கும் வசதியாகத் தெரிகிறது. அதே ஊரில் காலபைரவர் கோயிலும் இருக்கிறது. நம் இந்து சகோதரர்கள் நாயைப் பைரவரின் வாகனமாகப் போற்றுகிறார்கள். நம் மறைநூலிலும் தோபியா பயணம் புறப்பட்டபோது, வானதூதர் இரபேலோடு அந்த வீட்டு நாயும் உடன் நடந்தது.

தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த ஆணையை நாம் செய்திகளில் கேட்டோம். தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்று அதில் சொல்லப்பட்டது. நாய்க்கடிக்கு அஞ்சும் பெற்றோரின் பயம் நியாயமானது. எனவே இரக்கப்படுகிறவர் பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

அடிபட்ட நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும்? கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கும். வாலைக் கால்களுக்கு இடையே இடுக்கிக்கொள்ளும். வைத்த சோற்றைத் தொடாது. அடி வாங்கிய நாய்க்குக் கை என்றாலே அடிதான். தலையைத் தடவ நாம் கை ஓங்குவதும், அடிக்கக் கை ஓங்குவதும் அதற்கு ஒன்றாகவே தெரியும்.

அதை வெளியே இழுக்கக் கூடாது. சுற்றி நின்று கூப்பிடக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி, கண்ணுக்குக் கண் பாராமல் பக்கவாட்டில் அமர்ந்திருந்தால் போதும். அதுவாக வந்து நம் கையை முகரும்வரை காத்திருக்க வேண்டும். அது நாள்கணக்கிலும் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். தேறிவிட்டது என்று நினைக்கும்போது, தீபாவளி வெடிச் சத்தத்தில் மறுபடியும் கட்டிலடிக்கே போகும். மிரண்ட நாய் ஓடிவிடும் என்பதால், வெளியே கூட்டிச் செல்லும்போது கழுத்துப்பட்டையும் கயிறும் கட்டாயம்.

உறுமினால் அடிக்க வேண்டாம். விலகி நில் என்று அது சொல்லும் மொழி அது. உறுமியதற்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். அது உண்ணும்போதும் உறங்கும்போதும் குழந்தைகளை அருகே விடக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் காட்டி வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் செய்ய வேண்டும். யாரையேனும் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அன்பர்களே, அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தில் எலியாவைப் பாருங்கள். அரசி ஈசபெலுக்கு அஞ்சி ஓடிய அந்தப் பெரிய இறைவாக்கினர், பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் சுருண்டு படுத்துச் சாவை வேண்டுகிறார். "ஏன் ஓடினாய்?" என்று வானதூதர் அங்கே கேட்கவில்லை. தொட்டு எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டு மீண்டும் படுத்தபோது, தூங்க விட்டார். பிறகு மறுபடியும் உணவு கொடுத்தார். கேள்வி, ஓரேபு மலைக்கு அவர் போய்ச் சேர்ந்த பிறகே வந்தது. அங்கும் ஆண்டவர் புயலிலும் நெருப்பிலும் வராமல், மெல்லிய ஒலியில் வந்தார். அஞ்சியவரை ஆண்டவர் தேற்றும் முறை இது.

நம் வீடுகளிலும் இப்படிக் கட்டிலடியில் ஒடுங்கியவர்கள் உண்டு. அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்தும் பிள்ளை, வாய் திறக்க அஞ்சும் மருமகள், குடியை விட்டுவிட்டு ஊரார் முகம் பார்க்கக் கூசும் தம்பி. இவர்களிடம் "எதற்குப் பயப்படுகிறாய்?" என்று அதட்டினால் பயம் போகாது. அன்பு முழுமையாக இருக்கும் இடத்தில் அச்சத்துக்கு இடமில்லை என்பது புனித யோவான் தம் முதல் திருமுகத்தில் தரும் போதனை. அந்த அன்பு, குரலைத் தாழ்த்துவதிலும், சொன்ன நேரத்துக்குச் சொன்னதைச் செய்வதிலும், காத்திருப்பதிலும்தான் அடுத்தவருக்குத் தெரியும்.

நாய் வளர்க்க எல்லாராலும் முடியாது. ஆனால் இந்த வாரம் நம் வீட்டில் நம்மைக் கண்டு அஞ்சுகிறவர் யார் என்று பார்க்க எல்லாராலும் முடியும். அவர் அருகில், கையை ஓங்காமல், சற்று நேரம் அமர்ந்திருப்போம். எலியாவைத் தேற்றிய ஆண்டவர் நம் வழியாக அவரையும் தேற்றுவாராக. ஆமென்.