வடலியும் விளாங்குட்டியும்



கோடையில் பாளம் பாளமாய் வெடிப்பது கோவிற்பட்டிக் கரிசல். 1901-இலேயே அங்கு வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. எனினும், விதையின் போக்கை உழவன் அதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தான்.

பனங்கொட்டையைப் புதைத்தவன் முதலில் இலையைக் காணான். முளை கீழ்நோக்கியே இறங்கும். மண்ணுக்குள் கிழங்கு திரண்டபின்பே குருத்து மேலே வரும். ஆகவே துலைத் திங்கள் (ஐப்பசி) மழைக்குமுன், மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதைத்தல் வேண்டும். வேர் இறங்கிய வடலியைப் பெயர்த்து நட்டால் பிழைப்பது அரிது. போத்து நட்டோ ஒட்டுக் கட்டியோ பனையைப் பெருக்கவும் இயலாது. ஆணா பெண்ணா என்பதும் பாளை விடும்வரை தெரியாது. அதற்குப் பத்தாண்டுக்கு மேலாகும். நட்டவன் நுங்கு தின்பது ஐயமே!

இவ்வளவு பொறுமையாய் உற்று நோக்கியவனே இளமரங்களுக்கு வெவ்வேறு பெயரிட்டான்: மாங்கன்று, தென்னம்பிள்ளை, விளாங்குட்டி, பனைவடலி. மொழிஞாயிறு பாவாணர் (1902–1981) தமிழின் சொல்வளத்திற்கு இவற்றைச் சான்றாக்கினார். இன்றோ நாற்றுப்பண்ணைப் பலகையில் மாவும் 'சீட்லிங்', விளாவும் 'சீட்லிங்'! கரிசலில் நீரூற்றாமலே நிலைக்கும் விளாவுக்கா இந்தக் கடன்பெயர்?

கிழங்குக்குப் பாத்தியிடும் உழவர்கள் பத்துக் கொட்டைகளை வரப்பிலும் புதைத்து வையுங்கள். குருத்து விட்டதும் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அதன் பெயரைக் கேளுங்கள்.