இழப்பீடு பிச்சையன்று



1993 மார்ச்சு மாதம், இன்று கடலூர் மாவட்டத்திலுள்ள கம்மாபுரத்தில், காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட ஏழைத் தொழிலாளி ஒருவர் வீடு திரும்பவில்லை. அவருடைய மனைவி அஞ்சாது சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். வழக்கறிஞர் கே. சந்துரு ஆட்கொணர்வு மனுவில் வாதாடினார். உண்மை வெளிப்பட்டது, குற்றமிழைத்த காவலர் பின்னர்த் தண்டனை பெற்றனர்.

அதே மார்ச்சு 24ஆம் நாள், நீலாபதி பெஹரா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவலில் மாண்ட 22 வயது மகனுக்காக ஒரிசாவின் ஏழைத்தாய் விடுத்த கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. அரசு அவருக்கு 1,50,000 ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. உயிர்வாழும் உரிமையைப் பறித்த அரசு, இறையாண்மை என்னும் திரைக்குப்பின் ஒளிய இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இழப்பீடு பெற்றதனால் குற்றவழக்கு முடிந்துவிடுவதுமில்லை.

ஆகவே, சிறுதொகை பெற்றுக்கொண்டு வெற்றுத்தாளில் கைந்நாட்டு வைக்கும் அவலம் நம் தெருக்களில் ஒழிய வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம்.

படித்த இளைஞர்களே! சாவு வீட்டிற்கு மாலையோடு எழுதுகோலையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கேட்டுப் பெற்றுத் தாருங்கள். கடலூருக்கோ சிதம்பரத்திற்கோ நீதிமன்றம் செல்லும் தாய்க்குத் துணையாய் நில்லுங்கள். நாம் கற்ற கல்வியின் பயன் அதுவே.