கட்டெறும்பா, கறையானா?

(கீழ்புத்துப்பட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)

பஞ்சாயத்து அங்கத்தினர்களே, உழவர் பெருமக்களே, தாய்மார்களே!

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது முன்னோர் வாக்கு. நம் வீட்டு உத்தரத்தைத் தேய்ப்பதும் எறும்புதானா என்பதை இன்று ஆராய்வோம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன்பின் இவ்வுப்பளக் கரையில் வீடுகளைப் பார்வையிட்டபோது, ஓர் ஓட்டு வீட்டில் இரவுதோறும் கட்டெறும்புகள் உத்தரத்திலிருந்து சாரை சாரையாக இறங்குவதாகக் கூறினர். செல் பிடித்துவிட்டதென்று அஞ்சிய வீட்டுக்காரர், மணிலாப் பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் குழந்தைகள் உறங்கும் அறையில் தெளிக்கவிருந்தார். அதைத் தடுத்து, ஏணி வைத்துப் பார்த்தோம். மேலே ஓர் ஓடு உடைந்திருந்தது. ஒழுகிய நீரால் உத்தரத்தின் முனை இற்றிருந்தது. எறும்பு அங்கே குடியேறியிருந்தது, அவ்வளவே. ஓட்டை மாற்றி, இற்ற பகுதியை நீக்கியதும் எறும்பு அகன்றது.

அதே தெருவில் மற்றொரு வீட்டில் எறும்பே இல்லை. ஆயினும் குதிருக்குப் பின்னே சுவரில் ஒரு மண்கோடு கைமரம் வரை ஏறியிருந்தது. தட்டினோம், கைமரம் பறைபோல் ஒலித்தது. மேலே வண்ணப்பூச்சு, உள்ளே வெறுங்கூடு. அதன் கீழேதான் அக்குடும்பம் உறங்கி வந்தது!

இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்?

கட்டெறும்பு மரத்தைத் தின்பதில்லை; குடைந்து கூடு அமைக்கிறது. ஆதலால் ரம்பத்தூள் போன்ற பொடியை வெளியே தள்ளும். குடைந்த வழி இழைத்தாற்போல் வழவழப்பாக இருக்கும். வட அமெரிக்காவில் இதன் இனத்தைத் தச்சன் எறும்பு என்றே அழைக்கின்றனர். நம் நாட்டுக் கட்டெறும்பு பெரும்பாலும் மரத்தடி மண்ணில் வாழ்வது. அது வீட்டு மரத்தை நாடினால், அங்கே ஈரம் உண்டா என்று முதலில் பாருங்கள்.

கறையானோ மரத்தையே உண்பது. வெளிச்சமும் உலர்காற்றும் ஆகாதாகையால், மண்ணால் மூடுபாதை கட்டி ஏறுகிறது. அது அரித்த வழியில் மண் அப்பியிருக்கும். மழைக்குப்பின் விளக்கைச் சுற்றும் ஈசல், சிறகு முளைத்த கறையானே. ஈசலின் நான்கு சிறகுகளும் ஒரே நீளம், இடை பருத்தது, உணர்கொம்பு நேரானது. சிறகெறும்புக்கு முன்சிறகு நீளம்; இடை ஒடுக்கம்; உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியது. வீட்டினுள்ளிருந்தே ஈசல் புறப்படின் தாமதம் கூடாது.

மண்கோட்டில் ஓரங்குலம் உடைத்துவிடுங்கள். சில நாளில் மீண்டும் அடைபட்டால் உள்ளே கறையான் உண்டு. அடைபடாவிடினும் மரத்தைத் தட்டிப் பாருங்கள்.

விறகைச் சுவரோரம் அடுக்காதீர்கள். மரத்தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின்மீது நிறுத்துங்கள். கறையான் மருந்தைப் பயிற்சி பெற்றவரைக் கொண்டே இடுங்கள், கிணற்றருகே வேண்டாம். முற்காலத்தில் தூவிய ஆல்ட்ரின், பி.எச்.சி. ஆகியவை இந்தியாவில் தடை செய்யப்பட்டவை.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன், ஆண்டுதோறும் நம் பள்ளி, அங்கன்வாடிக் கட்டடங்களின் நிலையையும் சன்னலையும் உத்தரத்தையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். அரை நாள் வேலைதான். அதனால் காக்கப்படுவது நம் குழந்தைகளின் உயிர்.