கைபடுவதும் ஒரு மருந்து

வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஒரு குளியல், கொஞ்சம் பூந்திக்கொட்டை நுரை, துவட்டியபின் காதோரமும் முதுகுத்தண்டை ஒட்டியும் இதமாகப் பிடித்துவிடுதல். வீட்டு நாய்க்கு இப்படிச் செய்பவர்கள் பெருகிவருகிறார்கள். இதனால் நாய்க்குப் பலன் உண்டா என்றால், நிச்சயம் உண்டு என்பேன். ஆனால் அந்தப் பலனில் பெரும்பங்கை மூலிகையின் கணக்கில் எழுதுகிறோம். அது கையின் கணக்கில் சேர வேண்டியது.

மூலிகையை முதலில் எடைபோட்டுப் பார்ப்போம். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை உள்ளது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது, மேல்தோலும் நம்முடையதைவிட மெல்லியது. நமக்கு ஒத்துக்கொள்ளும் எலுமிச்சைச் சாறு அதற்கு எரியும். அதைவிட முக்கியம் நாக்கு. நாம் தலையில் வைத்த எண்ணெய் தலையோடு நிற்கும். நாயின் விலாவில் தடவியது சற்று நேரத்தில் அதன் வயிற்றில் இருக்கும். ஆகவே நாய்மேல் பூசுவது எதுவானாலும், அதற்கு ஊட்டுவதாகவே எண்ணிப் பூச வேண்டும். அப்படி எண்ணினாலே வலிப்பு வரவழைக்கக்கூடிய கற்பூரமும், ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் பூண்டும் பட்டியலிலிருந்து போய்விடும். கடைகளில் இயற்கைப் பொருள் என்று விற்கும் டீ ட்ரீ எண்ணெயும் அப்படியே. நீர்க்காத அந்த எண்ணெயால் பாதிக்கப்பட்ட 443 நாய், பூனைகளின் விவரங்களை அமெரிக்காவில் தொகுத்தார்கள். 2002 முதல் 2012 வரை அங்குள்ள விலங்கு நச்சு மையத்துக்கு வந்தவை அவை. வாயில் எச்சில் வழிந்தது, நடை தள்ளாடியது, உடல் நடுங்கியது.

‘பாட்டன் காலத்தில் இதெல்லாம் பார்த்தா செய்தார்கள்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாட்டன் வளர்த்தது சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய். ரோமம் குட்டை, வெயில் பட்டால் உடனே உலர்ந்துவிடும். இன்று மாடி வீட்டில் வளர்வது லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும். அவற்றின் அடிரோமத்தில் எண்ணெயும் ஈரமும் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், புண்ணாகும். மரபு என்பதும் கண்ணளவில் கலப்பது மட்டும் அல்ல. மாட்டின் மடிநோய்க்கு, தஞ்சாவூரில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக மையம் பரப்பிய மருந்தைப் பாருங்கள்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அந்த விழுதை நாய்க்குப் பூசச் சொல்லவில்லை; எந்த உயிருக்கு, எந்த நோய்க்கு, எத்தனை கிராம் என்று நிறுத்துச் சொல்லும் அந்த ஒழுங்கைத்தான் சொல்கிறேன்.

‘அப்படியானால் மருத்துவர் தரும் ஷாம்பூ போதுமே, வேப்பிலை எதற்கு?’ என்பது எதிர்த்தரப்பு வாதம். உண்ணியைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. இரத்தம் குடித்துப் பருத்த உண்ணி கீழே விழுந்து, சுவர் இடுக்கில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எத்தனை வேப்பிலைக் குளியல் போட்டாலும் அந்தச் சுவரைத் தொடாது. எர்லிக்கியா போன்ற கிருமிகளைப் பரப்பிக் காய்ச்சலைக் கொண்டுவருவதும் அந்த உண்ணிதான். மருத்துவர் தரும் மருந்தை விட்டுவிடக் கூடாது.

மன அமைதி விஷயத்தில் நிலை வேறு. காரில் ஏறினால் பரபரக்கும் 32 நாய்களுக்கு லாவெண்டர் மணத்தைக் காற்றில் மட்டும் கொடுத்துப் பார்த்தார் பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர் டெபோரா வெல்ஸ். 2006-இல் வந்த அந்த ஆய்வில், மணம் இருந்தபோது அவை கூடுதல் நேரம் உட்கார்ந்தும் படுத்தும் பயணம் செய்தன. எதையும் உடம்பில் தேய்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்குக்கு இலேசான மணமே நிறைய. பிடிக்காவிட்டால் நாய் எழுந்துபோகக் கதவு திறந்திருக்க வேண்டும்.

இனிக் கையின் கணக்கு. வாரம் ஒருமுறை பிடித்துவிடும்போது, விரல் காது மடலுக்குள் போகிறது, கழுத்துப்பட்டைக்கு அடியில் போகிறது, கால்விரல்களின் இடுக்கில் போகிறது. ரோமத்துக்குள் மிளகளவில் ஏதோ தட்டுப்படுகிறது. விலக்கினால் தோலில் தலையைப் புதைத்திருக்கும் உண்ணி. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நேராக இழுத்தால் வந்துவிடும். போன வாரம் இல்லாத ஒரு கட்டியும் அந்த விரலுக்குத்தான் முதலில் தெரியும். காதைத் தொட்டதும் நாய் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால், உள்ளே புண் இருக்கலாம். அன்று குளியல் வேண்டாம், காதைப் பார்க்க மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.