எந்தக் கதவைச் சாத்துவது? நாமே முடிவு செய்வோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கணக்காளர் பேசியது)



நம்ம அலுவலகத்துல மூணு கம்ப்யூட்டர் இருக்கு. பகல்ல குழுக் கணக்கு ஏத்துறோம். சாயங்காலம் நம்ம பிள்ளைங்க படிக்க வர்றாங்க. ரெண்டு பையன்கள் பணம் வச்சு ஆடுற ரம்மியைத் திறந்திருந்ததை நானே பார்த்தேன். அதுக்குப் பிறகுதான் ‘ஃபயர்வால்’ வாங்கினோம்.

ஃபயர்வால் என்பது நமது இணைய இணைப்பின் வாசலில் வைக்கிற பெட்டி. வீட்டு வாசல்ல காவலுக்கு ஆள் நிக்கிற மாதிரி. கெட்ட பக்கங்களை ஒவ்வொன்றாகப் பேர் எழுதித் தடுத்து முடியாது; இன்னிக்கு ஒண்ணை மூடினா நாளைக்கு வேற பேர்ல வரும். அதனால பெட்டி செய்யும் கம்பெனிகள் இணையப் பக்கங்களைச் சூதாட்டம், ஆபாசம், மோசடி, வங்கி, கல்வி, சுகாதாரம் என்று வகை பிரித்து வைத்திருக்கின்றன. எந்த வகைக்கு அனுமதி, எதுக்கு எச்சரிக்கை, எதுக்குத் தடை என்று நாம சொன்னா போதும். ஒருத்தர் ஒரு பக்கத்தைக் கேட்டதும், அது எந்த வகை என்று பார்த்துப் பெட்டி விடும், இல்லேன்னா மறிக்கும்.

பொருத்த வந்தவர் ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்ற தலைப்பை மொத்தமா தடை பண்ணிட்டுப் போனார். நாமும் சரின்னு விட்டுட்டோம். அடுத்த வாரம் நம்ம உறுப்பினர் ஒருத்தர் கருத்தடை பற்றிப் படிக்க வந்தாங்க. ‘தடை செய்யப்பட்டது’ன்னு திரையில வந்துச்சு. தான் ஏதோ தப்புப் பண்ணின மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாங்க. தப்பு அவங்களோடது இல்லை, நம்மோடது. அந்தப் பெரிய தலைப்புக்குள்ளேயே பாலியல் கல்வி, கருக்கலைப்பு என்ற உட்பிரிவுகளும் இருக்கு. அவற்றைத் தனியாத் திறந்து விடலாம்.

அதனால இன்றைய கூட்டத்தில் சில தீர்மானங்களை முன்வைக்கிறேன்.

1. சூதாட்டம், ஆபாசம், மோசடி, வைரஸ் பரப்பும் தளம் ஆகியவற்றுக்குத் தடை.

2. சுகாதாரம், பாலியல் கல்வி, கருக்கலைப்பு, சட்ட உதவி ஆகியவை திறந்தே இருக்கட்டும்.

3. பூட்டுக் குறியுள்ள பக்கங்களையும் பிரித்துப் பார்க்கும் வசதி பெட்டியில் உண்டு. வங்கி, மருத்துவப் பக்கங்களுக்கு அதை நிறுத்தி வைப்போம்.

4. நல்ல பக்கம் மறிக்கப்பட்டா ஒரு நோட்டுல எழுதுங்க. பேர் போட வேண்டாம். மாதக் கூட்டத்தில் பார்த்துத் திறப்போம்.

5. எந்தக் கம்ப்யூட்டர்ல என்ன பார்த்தாங்க என்ற விவரம் பெட்டியில் பதிவாகும். அது ஊர்ப் பேச்சுக்கு இல்லை. தலைவியும் கணக்காளரும் சேர்ந்துதான் திறக்கணும்.

6. வகைப் பட்டியலுக்கு ஆண்டுச் சந்தா உண்டு. அது முடிஞ்சா காவல் சரியா நடக்காது. தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் குறிப்போம்.

கடைசியா ஒண்ணு. செல்போன்ல சிம் கார்டு வழியா வர்ற நெட்டை இந்தப் பெட்டி தடுக்காது. ‘அஞ்சு நிமிஷத்துல கடன்’னு வர்ற ஆப்பை வீட்டில நாமதான் கவனிக்கணும். பணம் ஏமாந்தா வெட்கப்பட்டு மறைக்காதீங்க, உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க.

சேமிப்பு எவ்வளவு, கடன் யாருக்குன்னு நாமதானே கூடிப் பேசி முடிவு பண்றோம்? இதையும் அப்படியே பண்ணுவோம். தீர்மானங்களுக்குச் சம்மதம்னா கை தூக்குங்க.