மூளையில் படியும் புரதம்: குப்பையா, வலையா?

அல்சைமர் வந்தவர்களின் மூளையில் அமிலாய்டு பீட்டா என்ற புரதம் தவறாக மடிந்து, ஒட்டிப் படிந்திருக்கும். ரொம்ப நாளா இதைக் குப்பை என்றே பார்த்தார்கள். ஆனா அது ஏன் படியத் தொடங்குது?

ஹார்வர்டில் ராபர்ட் மோயர், ரூடால்ஃப் டான்சி குழுவினர் 2018ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். எலிகளிலும், ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலும் ஹெர்பெஸ் வைரஸ் நுழைந்ததும், இந்தப் புரதம் நூல் நூலாகத் திரண்டு அதைச் சிறைபிடித்தது. அப்படின்னா இது வலை! சிக்கல் என்னன்னா, ஹெர்பெஸ் குடும்ப வைரஸ்கள் உடம்பை விட்டுப் போறதில்ல. செல்களுக்குள்ள பதுங்கி, அப்பப்போ தலைதூக்கும். திரும்பத் திரும்ப வீசிய வலையே மூளையைக் கெடுக்குதோ? இது கருதுகோள்தான்.

மனிதர்களிடம் ஒரு தடயம் வேல்ஸில் கிடைத்தது. சின்னம்மை வைரஸும் இதே குடும்பம். பிற்காலத்தில் அக்கியாகத் திரும்பும். 2013ல் அங்கே அக்கித் தடுப்பூசி தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2க்கு முன் பிறந்தவர்களுக்கு அது கிடையாது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவங்களுக்குள்ள வேற பெரிய வித்தியாசம் இல்ல. ஆனால் ஏழு ஆண்டுகளில், ஊசி போட்டதால் டிமென்ஷியா சுமார் 20 சதவீதம் குறைந்ததாக 2025ல் நேச்சர் இதழில் ஆய்வு வந்தது.

அதில் யாரும் மூளைப் புரதத்தை அளக்கவில்லை. ஊசி வைரஸை அடக்கியதா, நோய் எதிர்ப்பையே மாற்றியதா என்பது இன்னும் கேள்விதான். அதனால அக்கி ஊசியை அக்கிக்காகப் போடுங்க, டாக்டரைக் கேட்டுட்டு. மறதிக்கு மருந்துன்னு யாராவது விற்றால் நம்பாதீங்க.